தவணைக்கு முன் ஒரு மடல்

நூலகங்களிலிருந்து நமக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை தவணை கடந்த பின்னரே வருகின்றன. இன்ன நூலை இன்ன தேதிக்குள் திருப்பியிருக்க வேண்டும், திருப்பவில்லை, ஆகவே இவ்வளவு அபராதம். நடந்து முடிந்த குற்றத்துக்குத் தீர்ப்பு வாசிப்பது போன்ற நடை. அதே கணினியிலிருந்து அதே முகவரிக்கு மூன்று நாள் முன்னதாக இரண்டு வரி எழுதியிருந்தால் அந்தக் குற்றமே நிகழ்ந்திராது. பின்னால் எழுதத் தெரிந்த எந்திரத்துக்கு முன்னால் எழுதத் தெரியாதா என்ன?

'தேதியை நினைவில் வைத்திருப்பது வாசகரின் பொறுப்பு' என்று சொல்பவர்கள் உண்டு. தேதிச் சீட்டு இருந்த காலத்தில் இவ்வாதத்துக்கு ஓரளவு நியாயம் இருந்தது. நூலின் உட்புறம் ஒட்டப்பட்ட அந்தத் தாளில் முத்திரை குத்தியிருப்பார்கள். நூலைத் திறக்கும்போதெல்லாம் அது கண்ணில் படும். (நமக்கு முன் அந்நூலை யாரும் தொட்டுப் பத்தாண்டு ஆகியிருப்பதையும் அதே தாள் சொல்லிவிடும், அது தனிச் சுவை.) பிறகு பட்டைக்குறி வந்தது, முத்திரை போயிற்று. தேதி தரவுத்தளத்துக்குள் சென்று ஒளிந்துகொண்டது. வாசகரின் கண்முன் இருந்த ஒன்றை எடுத்து எந்திரத்துக்குள் வைத்தவர்கள், அதை எடுத்துச் சொல்லும் கடமையையும் எந்திரத்திடமே ஒப்படைத்திருக்க வேண்டும் என்பதே நம் வாதம்.

இதற்குப் பெரும் பொருட்செலவும் இல்லை. நியூசிலாந்தின் ஹோரோஃபெனுவா என்னும் சிறு மாவட்டத்து நூலகம், 2000-ஆம் ஆண்டுச் சிக்கலில் தன் பழைய மென்பொருள் நின்றுவிடும் என்றறிந்து 1999-இல் புதிதாக ஒன்றை எழுதச் செய்தது. 'கோஹா' என்று பெயரிட்டு 2000-இல் அதைத் திறந்த மூல மென்பொருளாக உலகுக்கே அளித்துவிட்டது. மாவோரி மொழியில் கோஹா என்றால் கொடை. இந்தியாவில் எத்தனையோ கல்லூரி நூலகங்கள் இன்று அதனைப் பயன்படுத்துகின்றன. தவணைக்கு முன்பே நினைவூட்டும் வசதி அதனுள் இருக்கிறது. எத்தனை நாள் முன்னதாக வேண்டும் என்பதை வாசகர்வாரியாகக் குறிக்கவும் முடியும். இரவுதோறும் குறித்த நேரத்தில் ஓடும் சிறு நிரல் ஒன்று, நெருங்கி வரும் தவணைகளைத் தரவுத்தளத்தில் தேடி எடுத்து, மடல்களை வரிசையில் சேர்க்கிறது. மற்றொரு நிரல் அவற்றை அனுப்புகிறது. ஆக, பல இடங்களில் குறை மென்பொருளில் இல்லை. அந்த நிரலை நாள்தோறும் ஓடும்படி அமைத்து வைக்க ஒருவரும் முன்வராததே குறை.

அமைப்பவர்கள் கவனிக்க வேண்டியவையும் சில உண்டு. 'இன்றிலிருந்து சரியாக மூன்றாம் நாள் தவணை உள்ளவர்கள் யார்?' என்று மட்டுமே நிரல் கேட்குமாயின், ஓரிரவு மின்சாரம் தடைப்பட்டால் அன்றைக்குரியவர்கள் அத்தனை பேரும் விடுபட்டுப் போவார்கள். மறுநாள் அவர்களுக்குத் தவணை இரண்டு நாளில். கேள்வியில் அவர்கள் அகப்பட மாட்டார்கள். 'மூன்று நாளுக்குள் தவணை, இன்னும் மடல் போகவில்லை' என்று கேட்பதே பாதுகாப்பு. அதற்கு, மடல் போனதைத் தரவுத்தளத்தில் குறித்து வைக்க வேண்டும். இல்லையேல் ஒரே நூலுக்கு மூன்று இரவும் மூன்று மடல் வரும். ஐந்து நூல் எடுத்தவருக்கு ஐந்து மடல் போவதும் தகாது. மூன்றாவது மடலுக்குள் அவர் படிப்பதை நிறுத்திவிடுவார். ஒரே மடலில் பட்டியலாகத் தருவதே மரியாதை. நூலின் பெயர் தமிழில் இருந்தால் அது கேள்விக்குறிகளின் அணிவகுப்பாக வந்து சேரும் அவலமும் உண்டு. ஒருங்குறி இவ்வளவு வேரூன்றிய பிறகும் இது நிகழ்வதை நம்மால் மன்னிக்க இயலவில்லை.

அபராதத்தை வருமானமாக எண்ணுபவர்களிடம் நமக்குப் பேச்சு அதிகமில்லை. நியூயார்க் பொது நூலகம் 2021-இல் தாமதக் கட்டணத்தை அடியோடு நீக்கியது. நூலைத் தொலைத்தால் மட்டுமே பணம். சிகாகோ 2019-இலேயே அதைச் செய்துவிட்டது. காரணம் எளியது. சிறு தொகைக்கு அஞ்சி நூலகத்துக்கே வராமல் போகிறவர்கள் பெரும்பாலும் ஏழைகளும் சிறுவர்களுமே. நூறு ரூபாய் அபராதம் நமக்கு எரிச்சல். எட்டாம் வகுப்பு மாணவிக்கு அதுவே நூலகத்தின் கதவடைப்பு. அவள் நூலையும் திருப்ப மாட்டாள், தானும் திரும்பி வர மாட்டாள். ஒரு நூலும் ஒரு வாசகியும் ஒருங்கே போய்விடுவார்கள். சென்னைப் பல்கலைக்கழக நூலகராயிருந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்கச் சொல்கிறது. முன்னறிவிப்பு மடல் அவ்விதியின் நேர்வாரிசு என்றே நாம் கருதுகிறோம். அம்மாணவிக்கு மின்னஞ்சல் இல்லையென்றால் வீட்டுக் கைப்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தி போகட்டும்.

மடலின் வடிவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தலைப்பு வரியில் நூலின் பெயர் வேண்டா. ஒருவர் எதைப் படிக்கிறார் என்பது அலுவலகத் திரையில் பக்கத்து நாற்காலிக்காரருக்குத் தெரிய வேண்டியதில்லை. நோயைப் பற்றியோ மணமுறிவைப் பற்றியோ படிப்பவருக்கு இதன் அருமை புரியும். வேறெவரும் அந்நூலை முன்பதிவு செய்திராவிட்டால், நீட்டித்துக்கொள்ளும் இணைப்பும் மடலிலேயே இருக்கட்டும். கடைசி வரியில் 'இம்மடலுக்குப் பதில் எழுதாதீர்கள்' என்று அச்சடிக்கும் வழக்கத்தை நூலகங்களாவது கைவிடலாம். 'இன்னும் நாற்பது பக்கம் இருக்கிறது, இரண்டு நாள் கொடுங்கள்' என்று எழுத விரும்பும் வாசகர் இருக்கிறார். அவர் எழுதுவதைப் படிக்க அங்கே ஒரு நூலகர் இருக்க வேண்டும்.