சார்லி போட்ட வழி

1960-ம் ஆண்டு இலையுதிர் காலத்தில் எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக் நயாகராவில் கனடா எல்லைக்குப் போய்ச் சேர்ந்தார். குறுக்கே கனடா வழியாகப் போய் டெட்ராய்ட் பக்கம் ஏறிவிடலாம் என்று திட்டம். ஜி.எம்.சி. லாரியின் முதுகில் கட்டிலும் அடுப்பும் வைத்துக் கட்டிய சிறு அறை. அந்த வண்டிக்கு டான் குயிக்ஸாட்டின் குதிரைப் பெயரை, ரோசினாண்டே என்று வைத்திருந்தார். பக்கத்தில் சார்லி, வயதான பூடில் நாய். கனடா அதிகாரிக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் வெறிநாய்த் தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாமல் போனால், திரும்பி வரும்போது சொந்த நாடான அமெரிக்காதான் சார்லியை உள்ளே விடாது என்று எச்சரித்தார். ஸ்டைன்பெக் வண்டியைத் திருப்பினார். இரண்டு ஆண்டு கழித்து நோபல் பரிசு வாங்கப்போகிறவரின் பயணத் திட்டம், ஊசி போட்டதற்கான ஒரு காகிதம் இல்லாததால் மாறிப்போனது.

யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவிலும் அதே கதைதான். ரோட்டோரம் கரடியைக் கண்டதும் சாதுவான சார்லிக்கு ஆவேசம் வந்துவிட்டது. குரைத்துக் கத்திக் கண்ணாடியைப் பிறாண்டி ரகளை. பூங்காவைப் பாதியில் விட்டுவிட்டு வெளியே வந்தார்கள். வழியில் சார்லிக்குச் சிறுநீர் பிரியாமல் போனபோதும் பயணம் நின்றது. இதெல்லாம் 1962-ல் வந்த அவருடைய பயணப் புத்தகத்தில் இருக்கிறது. அதில் எவ்வளவு நிஜம், எவ்வளவு கற்பனை என்று பின்னாளில் கேள்வி எழுப்பியவர்கள் உண்டு. உரையாடல்களைச் சந்தேகிக்கலாம், நாயோடு பயணம் போனவர்கள் சார்லி படுத்திய பாட்டைச் சந்தேகிக்க மாட்டார்கள்.

இன்று அமெரிக்காவில் வீட்டு வண்டி எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர்கள் பலர் நாயையும் பூனையையும் ஏற்றிக்கொள்கிறார்கள். படுக்கை, சமையல், கழிப்பறை எல்லாம் கூடவே வருகிறது. பிறகென்ன என்று தோன்றும். யெல்லோஸ்டோன் வாசலில்தான் உண்மை தெரியும். சாலை, வாகன நிறுத்தம், முகாம் இடம் ஆகியவற்றிலிருந்து 100 அடிக்குள்தான் நாய் இருக்கலாம். கயிறு ஆறு அடிக்கு மேல் கூடாது. வெந்நீர் ஊற்றுகளுக்கு நடுவே போட்ட மரப்பாதையில் காலே வைக்கக் கூடாது. கட்டிப்போட்டுவிட்டுப் போகவும் அனுமதி இல்லை.

அநியாயம் என்று முணுமுணுப்பவர்கள் 1981 ஜூலையில் அங்கே நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். நிறுத்தியிருந்த வண்டியிலிருந்து நழுவிய ஒரு நாய், 90 டிகிரி செல்சியஸுக்கு மேல் கொதிக்கும் ஊற்றில் பாய்ந்தது. அதைக் காப்பாற்ற, மற்றவர்கள் கத்தியும் கேளாமல், நாய்க்காரரின் நண்பரான 24 வயது இளைஞர் தலைகீழாகக் குதித்தார். அவரும் பிழைக்கவில்லை, நாயும் பிழைக்கவில்லை. நாய்க்கு அது வெறும் தண்ணீர். அதனிடம் போய் எச்சரிக்கைப் பலகை என்ன பேசும்?

ஆகவே பலர் செய்வது, ஏசியைப் போட்டு வண்டிக்குள் நாயை வைத்துப் பூட்டிவிட்டுச் சுற்றிப்பார்க்கப் போவது. எனக்கு இதில்தான் பயம் அதிகம். கூரை ஏசி ஓட, பெரும்பாலான வண்டிகளில், முகாமின் மின்கம்பத்தில் செருக வேண்டும், அல்லது ஜெனரேட்டர் ஓட வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் ஏசி போடும் மதியத்தில் மின்சாரம் துண்டித்துக்கொண்டால், உள்ளே இருக்கும் வாயில்லா ஜீவன் என்ன செய்யும்? 2005-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் நிறுத்திய காரில் அளந்து பார்த்தார்கள். வெளியே 22 டிகிரி என்ற இதமான நாளிலும் உள்ளே 47 வரை ஏறியது. ஏறியதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணியிலேயே. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவைத்தும் பயனில்லை. வீட்டு வண்டி பெரிது, சூடேறக் கூடுதல் நேரம் ஆகலாம், அவ்வளவுதான். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். உள்வெப்பம் ஏறினால் கைபேசிக்குத் தகவல் அனுப்பும் கருவி கிடைக்கிறது, வாங்கி மாட்டுங்கள். ஆனால் சிக்னல் இல்லாத மலைக்குள் அது வெறும் டப்பா.

பூனைக்கு வேறு ஆபத்து. நிறுத்திய பிறகு பக்கவாட்டில் இழுத்து அறையை அகலமாக்கும் அமைப்பு இந்த வண்டிகளில் உண்டு. அதன் அடியில் உள்ள சந்து பூனைக்குப் பிடித்த இடம். பூனையைக் கண்ணால் பார்க்காமல் அந்தப் பொத்தானைத் தொடாதீர்கள்.

அமெரிக்காவில் இருக்கும் மகன் வீட்டுக்கோ மகள் வீட்டுக்கோ போயிருக்கும்போது இப்படி ஒரு பயணத்துக்குக் கூப்பிட்டால் தாராளமாகப் போங்கள். ஊற்றுகளைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் நாயைத் தெரிந்தவர் வீட்டில் விடச் சொல்லுங்கள். நாயும் வந்தே ஆக வேண்டும் என்றால் மெய்ன் மாநிலத்து அகேடியா பூங்காவுக்கு வண்டியைத் திருப்பச் சொல்லுங்கள். கயிற்றில் பிடித்த நாயோடு நடக்க அங்கே சுமார் 160 கிலோமீட்டர் நடைபாதையும், 70 கிலோமீட்டர் பழைய குதிரைவண்டிப் பாதையும் திறந்திருக்கின்றன.