மருத்துவ ஆசிரியப் பதவிக்கு ஆயத்தமாதல்

எமது கல்லூரியின் யூபிலி மலர் கைக்கு வந்ததும் அன்பர்கள் முதலிற் புரட்டுவது பழைய மாணவர் பெயர் வரிசையையே. அவ்வரிசையில் மருத்துவர் பெயரைக் கண்டவிடத்து எவர்க்கும் உள்ளம் பூரிக்கும். பூரித்தல் தகும். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தினால் நாடற்றோராக்கப்பட்ட ஒரு சமூகத்தின் பிள்ளைகள், தோட்டப் பாடசாலையில் அரிச்சுவடி தொடங்கி மருத்துவ பீடம்வரை ஏறிச்சென்றமை சிறிய காரியமன்று. எனினும் நாம் ஒரு கேள்வியை எழுப்ப விரும்புகின்றோம். வைத்தியம் செய்வோர் எம்மிடையே உளர். வைத்தியத்தைக் கற்பிப்போர் எத்துணையர்? பசறையிலோ லுணுகலையிலோ நமுனுகுலையிலோ பிறந்து, மருத்துவ பீடமொன்றில் நிரந்தர விரிவுரையாளராய் அமர்ந்தோரைத் தேடித்தான் காணவேண்டும்.

பிள்ளைகளிடம் அறிவுக்குறை இல்லை. அப்பதவிக்கு வழி யாது, எப்போது தொடங்கி ஆயத்தமாதல் வேண்டும் என்பதை அவர்களுக்கு எடுத்துரைப்பார் இல்லை என்பதே எமது கருத்து.

வழியைச் சுருக்கமாகக் கூறுவாம். பட்டப் பரீட்சையிற் சித்தியெய்தி, ஓராண்டு உள்ளகப் பயிற்சியும் முடித்தவர் அரசாங்க வைத்தியசாலையிற் பதவியேற்பது வழமை. பீடத்திற் சேர்பவரோ தகுதிகாண் விரிவுரையாளராக நியமனம் பெறுகின்றார். முதற்கண் 3 ஆண்டு தகுதிகாண் காலம். அது பின்னர் நீடிக்கப்படலாம். ஆயினும் மொத்தம் 8 ஆண்டுகளுக்குள் உயர்பட்டம் பெற்றாதல் வேண்டும். பெறாவிடின் பதவி நிலையாது. 1980 இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் நிறுவப்பட்ட பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின் எம்.டி. பட்டத்தையோ, கலாநிதிப் பட்டத்தையோ நாடுவோர் பலர். கற்பித்தற் பயிற்சிநெறி ஒன்றையும் நிறைவுசெய்தல் வேண்டும். மருத்துவத்துறையினர் இவற்றுக்கிடையே போதனா வைத்தியசாலையில் நோயாளரையும் பார்க்கின்றனர். பகலில் வாட்டு, பிற்பகலில் வகுப்பு, இரவில் தம் படிப்பு எனின் ஆராய்ச்சிக்கு நேரம் யாண்டுளது? 8 ஆண்டு நீண்ட காலம்போற் தோன்றும். அது கரையும் விரைவை அதனுட் புகுந்தவரே அறிவர்.

அமெரிக்க நாட்டிற் பேராசிரியர் சங்கமும் கல்லூரிகளின் சங்கமும் கூடி 1940 இல் ஒரு கொள்கையை வகுத்தன. தகுதிகாண் காலம் 7 ஆண்டுகளுக்கு மேற்படலாகாது. அதன்பின் தக்க காரணமின்றி ஆசிரியரை நீக்கலாகாது என்பது அதன் சாரம். ஆசிரியர் தாம் கண்ட உண்மையை அஞ்சாது உரைத்தல் வேண்டும் என்பதே அதன் நோக்கம். எமது மலைநாட்டுக்கு இது மிகப் பொருந்தும். தோட்ட நிருவாகத்திடம் சம்பளம் பெறும் வைத்திய உதவியாளர், லயத்துக் குடிநீர் கெட்டதென்று உரக்கச் சொல்வாரா? சொன்னால் எத்தனை நாள் அவ்விடத்திருப்பார்? நிலைத்த பதவியுடைய பேராசிரியர் ஒருவர் அதனையே கணக்கோடு வெளியிடின், கம்பெனியாயினும் அமைச்சாயினும் கேளாதிருத்தல் எளிதன்று. ஆதலின் இப்பதவியை வெறும் உத்தியோக உயர்வாக நாம் கருதவில்லை.

ஆயத்தத்தின் முதற்படி ஆராய்ச்சிப் பொருளைத் தெரிதல். இதனை உயர்பட்டம்வரை தள்ளிவைத்தல் தவறு. மாணவராயிருக்கும்போதே தொடங்குதல் வேண்டும். எங்கே தேடுவது என்று எமது இளைஞர் மயங்கவேண்டியதில்லை. 1916 இல் றொக்பெல்லர் அறநிலையத்தார் இலங்கையிற் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கியபோது தோட்டங்களையே களமாகக் கொண்டனர். அப்பணியை வகுத்து நடத்தியோர் அந்நியர். தொழிலாளி ஆராயப்படும் பொருளாக மட்டுமே நின்றார். ஒரு நூற்றாண்டு கழிந்து, 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீடு வெளிவந்தபோது, வயதுக்கேற்ற உயரமில்லாத 5 வயதிற்குட்பட்ட பிள்ளைகள் நாடளாவிய ரீதியில் நூற்றுக்கு 17. தோட்டப்புறங்களிலோ ஏறக்குறைய 32. இவ்விடைவெளி ஏன் அடைபடவில்லை? தாயின் இரத்தசோகையா, பிள்ளைக்காம்பராவின் உணவா, கழிப்பிட வசதியா, கூலியா? 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களைப் புதைத்ததே, உயிர்தப்பியோரின் மனநிலையைப் பல்லாண்டு தொடர்ந்து நோக்குதல் எத்துணை பயனுடைய ஆய்வாகும்! ஒருவர் வாழ்நாள் முழுதும் செய்தற்குரிய வேலை எமது மாகாணத்திலேயே கிடக்கின்றது.

இத்தகைய ஆய்விற் தோட்டத்துப் பிள்ளைக்குள்ள தகுதி பிறர்க்கில்லை. தலைநகரிலிருந்து வருபவர் துரையின் அனுமதிக் கடிதத்துடன் தம் வேலை தொடங்கிவிட்டதாக எண்ணுவார். துரையின் அனுமதி வேறு, தொழிலாளியின் சம்மதம் வேறு. பிரட்டுக்களத்திற் பெண்களை வரிசையாக நிறுத்தி, கணக்கப்பிள்ளை பார்த்துநிற்க, “இரத்தம் கொடுக்கச் சம்மதமா?” என்று கேட்டால் எப்பெண் மறுப்பாள்? அதனைச் சம்மதமென்று ஒழுக்கவியற் குழுவுக்கு எழுதுவது நேர்மையாகாது. வேலை நாளில் அழைத்து நிறுத்தினால் அன்றைய பேர் போய்விடும். மாலையிற் கொழுந்து நிறுத்து, பிள்ளைக்குச் சோறூட்டி முடிந்தபின் லயத்து வாசலிலமர்ந்து, அவர்கள் பேசுந் தமிழிலேயே விளக்கிக் கேட்டல் வேண்டும். இதனை எந்த ஆராய்ச்சி முறை நூலும் இவ்வளவு விரித்துச் சொல்வதில்லை; லயத்திற் பிறந்தவர்க்கு எவரும் சொல்லவும் வேண்டியதில்லை.

எம் கண்முன்னே ஒரு முன்மாதிரியும் உண்டு. ‘நந்தி’ என்னும் புனைபெயரால் ஈழத்து வாசகர் நன்கறிந்த செ. சிவஞானசுந்தரம் (1928–2005) அவர்கள், யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்திற் சமுதாய மருத்துவப் பேராசிரியராக விளங்கியவர். தோட்டத் தொழிலாளர் வாழ்வை ‘மலைக்கொழுந்து’ நாவலில் வரைந்தவரும் அவரே. மக்கள் வாழ்வைக் கூர்ந்து நோக்கும் கண்ணும், நோயின் காரணத்தைத் தேடும் கண்ணும் வேறல்ல என்பதை அவரிடத்துக் காண்கின்றோம்.

“உள்ளூர் லயத்தைப் பற்றி எழுதினால் உலகச் சஞ்சிகைகள் ஏற்குமா? பதவியுயர்வுக்குப் புள்ளி கிடைக்குமா?” என்று சிலர் வினவுவர். வினாவிற் பொருளுண்டு. வெளிநாட்டுச் சஞ்சிகையிற் பேர் வந்தாலன்றி மதியாத மனப்பான்மை எமது பீடங்களில் இல்லையென யாம் சொல்லமாட்டோம். ஆயினும் கேள்வி கூர்மையாகவும் கணக்கு நேர்மையாகவும் இருப்பின் இடம் சிறிதென்று எவரும் தள்ளார். இதற்கு இரண்டு கருவிகள் தேவை: புள்ளிவிபரவியல், ஆங்கிலம். இரண்டிலும் எமது மாணவர் பின்னிற்கின்றனர் என்பதை மறைத்துப் பயனில்லை. பல்கலைக்கழகம் புகுந்தபின் ஆங்கிலம் கற்கலாமென்றிருப்போர் வகுப்பில் விளங்கிக்கொள்ளலாம். கட்டுரை எழுத வாரார். கல்லூரியின் உயர்தர வகுப்பிலேயே வாரமொரு ஆங்கிலக் கட்டுரை எழுதுவித்தல் எமது ஆசிரியப் பெருமக்களின் கையிலுள்ளது.

இனி, பழைய மாணவர்க்கு ஒரு வார்த்தை. மருத்துவ அனுமதி கிடைத்த நாளில் மாலையிடுகின்றோம், புகைப்படம் எடுக்கின்றோம், புலமைப்பரிசிலும் ஓரளவு வழங்குகின்றோம். பின்வரும் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அப்பிள்ளை என்னவானார் என்று விசாரிப்பார் எத்தனை பேர்? அவர் பீடத்தை விட்டகல்வது பெரும்பாலும் ஆசையினாலன்று. தங்கையின் கலியாணம், தந்தையின் கடன், தம்பியின் படிப்பு யாவும் அவர் தலைமேல் உள. மாலைநேரத் தனியார் வைத்தியம் உடனே பணம் தருகின்றது, ஆராய்ச்சி தருவதில்லை. அதனை நாடிச் செல்பவரைக் குறைகூற எமக்கு மனம் வரவில்லை.

ஆதலின் யூபிலி நிதியில் ஒரு பகுதியை, மருத்துவப் பட்டம் முடித்து விரிவுரையாளர் பதவிக்கு ஆயத்தமாகும் பழைய மாணவர்க்கென ஒதுக்குமாறு கேட்கின்றோம். உயர்பட்டப் பரீட்சைக் கட்டணம், நூல்கள், கள ஆய்வுக்குப் போக்குவரத்து என்பவற்றுக்கு வட்டியில்லாக் கடனாக அது வழங்கப்படலாம். பெற்றவர் நிரந்தர நியமனம் கிடைத்தபின் திருப்பித் தருவதோடு, ஆண்டுக்கொருமுறை பதுளைக்கு வந்து உயர்தர மாணவர்க்குத் தம் ஆய்வை விளக்குதல் நிபந்தனையாகலாம். அடுத்த பொதுக்கூட்டத்தில் இதனைப் பிரேரணையாகக் கொணர எண்ணியுள்ளோம். வழிமொழிய விரும்பும் அன்பர்கள் தம் பெயர்களை முன்னரே செயலாளரிடம் கொடுத்துவைப்பாராக.