கம்பத்துக்கு விலை உண்டு, லயனுக்கு இல்லையா?

கம்பளையிலிருந்து நுவரெலியா நோக்கி ஏறும் வீதியில் புசல்லாவைக்கு முன்னும் பின்னும் உள்ள வளைவுகளை அறிந்தவர்களுக்கு நான் எழுத வந்த விடயம் புதிதன்று. வீதியின் கீழே லயன். லயனுக்குக் கீழே கோவாவும் கரட்டும் விளையும் சிறு மரக்கறித் தோட்டம். அதற்கும் கீழே தேயிலை மலை. மேலே பிரேக் இழந்த ஒரு லொறி எங்கே போய் நிற்கும் என்று கணக்கிட எவருக்கும் பொறியியல் பட்டம் தேவையில்லை.

2025 மே 11 அதிகாலையில், இதே வீதியில் றம்பொடை, கெரண்டி எல்லப் பகுதியில் இலங்கைப் போக்குவரத்துச் சபையின் பஸ் பள்ளத்தில் வீழ்ந்தது. கதிர்காமத்திலிருந்து குருநாகல் சென்ற பஸ் அது. இருபதுக்கும் அதிகமானோர் மாண்டனர். நாடு அதிர்ந்தது, அதிகாரிகள் விரைந்தனர், நட்டஈடு பற்றிப் பேசப்பட்டது. பேசப்பட வேண்டியதே. ஆனால் உயிர் எதுவும் போகாமல் ஒரு சுவரும் நான்கு தகரமும் மாட்டுக் கொட்டிலும் மட்டும் போகும்போது எவரும் வருவதில்லை. பத்திரிகையில் மூன்று வரிச் செய்தி. "தெய்வாதீனமாக உயிர்ச்சேதம் எதுவும் ஏற்படவில்லை" என்று முடியும் அந்த வரியை மாவட்டச் செய்திகளில் எத்தனையோ தடவை பார்த்தாயிற்று. அந்த வரிக்குப் பிறகுதான் ஒரு குடும்பத்தின் அலைச்சல் ஆரம்பமாகிறது என்பதை எந்தச் செய்தி ஆசிரியரும் கேட்டதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் மூன்றாந்தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியது. எதற்கு? மரணத்துக்கும் உடற்காயத்துக்கும். சொத்துச் சேதத்துக்கு அன்று. காப்புறுதி நிறுவனங்கள் தாமாக ஒரு வரையறைக்குள் அதனையும் சேர்த்து விற்கின்றன. அது அவற்றின் வியாபாரம், சட்டத்தின் கட்டளையல்ல. ஆகவே உங்கள் சுவரை இடித்த வாகனத்தின் காப்புறுதி உங்களுக்கு எவ்வளவு தரும் என்பது நீங்கள் ஒருபோதும் கண்டிராத ஒரு தாளில், உங்களுக்குத் தெரியாத இருவர் செய்துகொண்ட உடன்படிக்கையில் இருக்கிறது.

இந்த ஏற்பாடு ஆங்கிலேயர் 1930இல் தமது நாட்டில் செய்துகொண்ட சட்டத்தின் சாயல். அவர்களே அதனை மாற்றிக்கொண்டு விட்டார்கள். ஐரோப்பியச் சமூகத்தின் பணிப்புரையின்படி 1988 இறுதியிலிருந்து பிரித்தானியாவில் சொத்துச் சேதத்துக்கும் காப்புறுதி கட்டாயம். பக்கத்து இந்தியாவிலும் 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் மூன்றாந்தரப்பின் சொத்துச் சேதத்தைக் காப்புறுதிக்குள் கொண்டுவந்ததோடு, அதற்கான கோரிக்கையையும் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலேயே வைக்க வழி செய்தது. இலண்டனிலும் சென்னையிலும் இதனை வாசிப்போர் தம் வீட்டு மதிலில் ஒரு கார் மோதினால் என்ன செய்வார்கள் என்று எண்ணிப் பாருங்கள். புசல்லாவையில் இருப்பவருக்கு அது வழக்கு. அதுவும் உரோமன்-டச்சுச் சட்டத்தின் கீழ், சாரதியின் கவனயீனத்தைத் தாமே நிரூபிக்க வேண்டிய வழக்கு. சாரதி முதலாளியின் ஊழியராக இல்லாவிட்டால், வாகனம் யாருடையது என்பது மட்டும் முதலாளியைப் பிடித்துத் தராது.

லயன் வாசிக்கு வேறொரு தடையும் உண்டு. அது சட்டப் புத்தகத்தில் இல்லை, கேள்வி வடிவில் வருகிறது: "வீடு உன்னுடையதா?"

1841இல் வேர்ம்ஸ் சகோதரர்கள் சீனத் தேயிலைக் கன்றுகளை நட்ட ரொத்சைல்ட் தோட்டம் இந்தப் புசல்லாவையில்தான் இருக்கிறது. அன்றிலிருந்து காணி பல கை மாறியது. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தம் வந்து தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. இத்தனை கைமாற்றத்திலும் அந்த அறைகளில் பரம்பரையாக வாழ்ந்தவரின் கைக்கு மட்டும் உறுதிப்பத்திரம் வரவில்லை. ஏழு பேர்ச் காணியும் தனிவீடும் பெற்றவர்களை விட்டுவிட்டால், ஏனையோரின் நிலை இன்றும் அதுதான். ஆகவே சுவர் இடிந்தால் தோட்ட நிர்வாகம் லொறிக்காரரோடு பேசுகிறது. பணம் வந்தால் அது நிர்வாகத்தின் கணக்குக்கு. சுவர் எப்போது கட்டப்படும் என்று கேட்டால், "எஸ்டிமேட் போயிருக்கிறது" என்பதே விடை.

இங்கே ஒரு மோசடி நடக்கிறது. சுவர் நிர்வாகத்தினது என்றே வைத்துக்கொள்வோம். நசுங்கிய தொலைக்காட்சிப் பெட்டி யாருடையது? அலுமாரி? அரிசி மூட்டை? கால் முறிந்த பசு? தேர்த் திருவிழாவுக்கு முன் பிடுங்குவதற்கிருந்த கரட்? அவை கம்பனியின் ஐந்தொகையில் இல்லை. அவற்றுக்கான நட்டஈடு அவற்றின் உரிமையாளருக்கே உரியது, காணி உறுதிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இதனை எடுத்துச் சொல்ல வேண்டிய தொழிற்சங்கப் பிரதிநிதி, பெரும்பாலும், லொறிக்காரரின் ஐயாயிரம் ரூபாவை வாங்கிக் கொடுத்து "பிரச்சினையை முடித்து வைக்கிறார்". பொலிஸ் நிலையத்தில் ஒரு தாள் நீட்டப்படுகிறது. இனிமேல் எவ்வித கோரிக்கையும் இல்லை என்று சிங்களத்தில் எழுதப்பட்ட தாள். வாசிக்க முடியாதவர் கையொப்பமிடுகிறார்.

1988இன் 16ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழில் அரச அலுவலருடன் தொடர்புகொள்ளும் உரிமையைத் தந்திருக்கிறது. அந்த மேசையில் அதனை ஞாபகப்படுத்துபவர் "பிரச்சினைக்காரர்" ஆகிவிடுகிறார்.

அதே லொறி லயனுக்கு வருமுன் ஒரு மின்கம்பத்தை முறித்திருந்தால் காட்சி வேறு. மின்சார சபை மதிப்பீட்டுடன் வரும், பணம் கட்டப்படும். பொதுச் சொத்துக்குத் தீங்கிழைத்தலுக்கென 1982இல் தனிச்சட்டமே இயற்றி, சேதப் பெறுமதியின் மூன்று மடங்கு வரை தண்டம் வைத்த நாடு இது. தன் கம்பத்தின் விலையை அரசு அறிந்திருக்கிறது. கம்பனி தன் சுவரின் விலையை அறிந்திருக்கிறது. காப்புறுதி நிறுவனத்தின் மதிப்பீட்டாளர் விபத்து நடந்த இடத்துக்கே வந்து லொறியின் நொறுங்கிய முகப்பைப் படம் பிடிக்கிறார். அவரது கமராவுக்கு இரண்டடி தள்ளி நிற்கும் குடும்பம் மட்டும் படத்தில் வருவதில்லை.

மலையகப் பிரதிநிதிகள் நாடாளுமன்றத்தில் சம்பளம் பற்றிப் பேசுகிறார்கள், பேசட்டும். 1951ஆம் ஆண்டுச் சட்டத்தில் "மரணம் அல்லது உடற்காயம்" என்ற சொற்களோடு "சொத்துச் சேதம்" என்பதையும் சேர்க்கும்படி ஒரு திருத்தம் கோருவதற்குச் சம்பள நிர்ணய சபை குறுக்கே நிற்கப்போவதில்லை. தோட்டக் குடியிருப்பாளர் தமது வீட்டுக்கான நட்டத்தைத் தாமே கோரலாம் என்றும், நிர்வாகம் பெறும் தொகை திருத்த வேலைக்கே செல்ல வேண்டும் என்றும் எழுதிவைக்க எவ்வளவு மை தேவை?

அதுவரை, என் உறவுகளுக்கு: வாகனம் இழுத்துச் செல்லப்படுமுன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வாகன இலக்கத்தையும் காப்புறுதி அட்டையிலுள்ள நிறுவனத்தின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். பொலிசில் உங்கள் பெயரில், உங்கள் பொருட்களைத் தனித்தனியே குறிப்பிட்டு, தமிழில் முறைப்பாடு செய்து அதன் இலக்கத்தைக் கேட்டுப் பெறுங்கள். காப்புறுதி நிறுவனத்துக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். சிறு தொகையானால் பிணக்கு முதலில் மத்தியஸ்த சபைக்கே போகும். அங்கே சட்டத்தரணிக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. அங்கு தீராவிட்டால் அதற்கான சான்றிதழுடன் நீதிமன்றம். ஆனால் 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டப்படி உங்களுக்கு இருப்பது விபத்து நாளிலிருந்து இரண்டே வருடங்கள். "எஸ்டிமேட் போயிருக்கிறது" என்ற விடையிலேயே அவை கழிந்துபோகும். வாசிக்க முடியாத எந்தத் தாளிலும் கையொப்பமிடாதீர்கள், நீட்டுபவர் சங்கத்தின் தலைவராகவே இருந்தாலும்.