புள்ளி என்ன குப்பையா?

ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்றாலே "அது கம்ப்யூட்டர் சயின்ஸ்காரன் சமாச்சாரம்" என்று ஒதுங்கிவிடுகிறோம். பி.காம் படிக்கிறவனுக்கும் அது வேண்டும் என்பது என் கட்சி. வாடிக்கையாளர் பட்டியல், சரக்குப் பட்டியல், எதை எடுத்தாலும் பெயர்களுக்கு நடுவே நட்சத்திரக்குறி, கோடு, தேவையில்லாத இடைவெளி என்று குப்பை கிடக்கும். ஆயிரம் வரியையும் கையால் திருத்தாமல் ஒரே சூத்திரத்தில் வடிகட்டலாம். 1950களில் ஸ்டீபன் க்ளீனி என்ற கணித அறிஞர் அடித்தளம் போட்டார். 1968ல் கென் தாம்ஸன் அதைக் கணினியில் எழுத்துகளைத் தேடும் வேலைக்குக் கொண்டுவந்தார்.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஆங்கிலத்தில் எல்லோரும் முதலில் படிப்பது, "ஏ முதல் இஸட் வரை தவிர மற்றதை எல்லாம் தூக்கு" என்பதைத்தான். அதையே தமிழுக்கு மாற்றினால் [^அ-ஹ ] என்று வரும். அடைப்புக்குள் முதலில் இருக்கும் ^ குறிக்கு "இவை தவிர" என்று அர்த்தம். கடைசியில் உள்ள இடைவெளி, சொற்கள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க. நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் எங்கள் ஊர் பெயரைக் கொடுத்துப் பாருங்கள். 'வாசுதேவநல்லூர்' உள்ளே போய் 'வசதவநலலர' வெளியே வரும்!

காரணம் இதுதான். யூனிகோடில் 'சு' என்பது ஒன்றல்ல, இரண்டு: 'ச', அதன்பின் உகரக்குறி. 'ர்' என்பது 'ர', அதன்பின் புள்ளி. இந்தக் குறிகளும் புள்ளியும் யூனிகோடு வரிசையில் 'ஹ'வுக்குப் பின்னால் இருக்கின்றன. ஆய்த எழுத்தோ 'அ'வுக்கு முன்னால். எல்லாம் குப்பைக் கணக்கில் போய்விடுகிறது. பைத்தானோடு வரும் ரெகுலர் எக்ஸ்பிரஷனில் "சொல்லில் வரும் எழுத்து" என்பதற்கு இருக்கும் ஆயத்தக் குறியீட்டை நம்பினாலும் இதே கதிதான். 'தமிழ்' அங்கே 'தமழ' ஆகிவிடும். இத்தனைக்கும், இந்தக் குறிகளையும் சொல்லின் பகுதியாகவே எண்ண வேண்டும் என்று யூனிகோடு அமைப்பின் வழிகாட்டி சொல்கிறது.

இதில் என்ன பெரிய நஷ்டம் என்கிறீர்களா? கலை, கொலை, கூலி, கால் நான்கும் 'கல' ஆகிவிடும். ராமுவும் 'ரம', ரமாவும் 'ரம'. அடுத்து "ஒரே பெயர் இருமுறை வந்தால் நீக்கு" என்று கட்டளை கொடுத்தால், இரண்டு பேர் கணக்கு ஒன்றாகும். யார் பாக்கி யார் தலையில்?

"யூனிகோடில்தான் கோளாறு" என்பவர்கள் உண்டு. உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி எண் தரும் டேஸ்-16 முறையை, யூனிகோடோடு சேர்த்து 2010ல் தமிழக அரசும் ஏற்றது. அதில் இந்தத் தொல்லை இல்லைதான். ஆனால் நம் கைக்கு வரும் பட்டியல் செல்போனிலும் இணையத்திலும் யூனிகோடில் தட்டியது. அதை வைத்துத்தான் பிழைக்க வேண்டும்.

என் கருத்து, கேள்வியையே திருப்பிப் போடவேண்டும். "எதை வைத்துக்கொள்வது?" என்று கேட்காமல் "எதை நீக்குவது?" என்று கேட்போம். [*#_] என்று வேண்டாததை மட்டும் பெயர் சொல்லி நீக்கினால் புள்ளிக்கு ஆபத்தில்லை. எக்ஸலின் ட்ரிம் தொடாத 160ம் எண் இடைவெளி போன்ற ஒளிந்திருக்கும் ஆசாமிகளையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம். புதுக் குப்பை வந்தால் பட்டியலை நீட்டவேண்டும், கொஞ்சம் கூடுதல் வேலைதான். பரவாயில்லை. தப்பிய குப்பை கண்ணில் படும், இன்னொரு முறை நீக்கலாம். போன புள்ளி திரும்பி வராது.

இன்னொன்று, நாம் வகுப்பில் படித்ததுதான். சுத்தம் செய்யும் முன்னும் பின்னும் வெவ்வேறு பெயர்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை குறைந்தால் ஏன் என்று பார்க்காமல் மூலப் பட்டியலை அழிக்காதீர்கள். கணக்கு டேலி ஆகாமல் யாராவது பேரேட்டை மூடுவார்களா?

மெய்யெழுத்துக்குப் புள்ளி உண்டு என்று தொல்காப்பியமே சொல்லியாகிவிட்டது. கணினிக்கு அதை நாம்தான் சொல்லித்தர வேண்டும்.