“உங்களுக்கு வராது”ன்னு வாயால சொல்லாதே, எழுதிக் கொடு!

தோழர்களே,

மாற்றுத்திறனாளி உதவித்தொகைக்கு மனு போட்டவரிடம் கவுண்டரில் என்ன சொல்கிறார்கள்?

“உங்களுக்கு வராதும்மா.” அவ்வளவுதான்.

ஏன் வராது? எந்த விதிப்படி வராது? யாரிடம் மேல்முறையீடு செய்வது? ஒரு துண்டுச் சீட்டு கூடக் கைக்கு வராது. சக்கர நாற்காலியில் வந்தவர் அப்படியே திரும்பிப் போகணும். காகிதத்தில் இல்லாத மறுப்பை எதிர்த்து மேல்முறையீடு எழுத எவ்வளவு பெரிய வக்கீலாலும் முடியாது. அதிகாரத்துக்கு அதுதானே வசதி!

இப்படி இழுத்தடித்துக் கொடுக்கிற தொகையாவது பெரிதா?

இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியத் திட்டத்தில் 79 வயது வரை ஒருவருக்கு ஒன்றிய அரசின் பங்கு மாதம் 300 ரூபாய். 2012-ல் 200-லிருந்து 300 ஆக்கினார்கள். அதோடு சரி. ஒரு நாளைக்கு 10 ரூபாய். டீக்கடையில் ஒரு டீக்குக் கூடப் பத்தாது! மாநிலங்கள் தங்கள் நிதியைச் சேர்ப்பதால்தான் அது ஒரு தொகையாகவே தெரிகிறது.

அந்த 300-க்கும் எத்தனை வேலி பாருங்க. வறுமைக்கோட்டுப் பட்டியலில் குடும்பம் இருக்கணும். குறைபாடு 80 சதவீதம் இருக்கணும். டாக்டர் 80 என்று எழுதினால் பணம் உண்டு. 79 என்று எழுதினால் ஒன்றுமில்லை. அந்த ஒரு சதவீதத்தில் அவருக்கு நடக்கக் கால் வந்துவிடுமா?

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 40 சதவீதத்தையே அளவுகோலாக வைத்திருக்கிறது. நாடாளுமன்றம் 40 என்கிறது, ஓய்வூதியத் திட்டம் 80 என்கிறது. எது பெரிது? சட்டமா, சுற்றறிக்கையா?

2024-ல் விதிகளைத் திருத்தினார்கள். சான்றிதழ் வழங்க ஒரு மாதம் என்று இருந்த கெடுவை மூன்று மாதமாக நீட்டினார்கள். இரண்டு ஆண்டுக்கு மேல் முடிவெடுக்கப்படாத மனு செயலிழந்து போகும் என்றார்கள். தாமதம் அவர்களுடையது, தண்டனை நமக்கு!

“போலிச் சான்றிதழ் நிறைய வருது, அதான் கெடுபிடி” என்பார்கள். சரி, போலி ஆசாமியைப் பிடிங்க. மோசடியாகச் சலுகை பெற்றால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம் என்று அதே சட்டத்தின் 91-வது பிரிவு இருக்கிறதே! அதைப் பயன்படுத்தாமல், தவழ்ந்து வருகிற மனிதரைத் திருடனைப் போலப் பார்ப்பது என்ன நியாயம்?

இனி, நாம் செய்ய வேண்டியதுக்கு வருவோம்.

“மேல்முறையீட்டுக்கு வக்கீல் வைக்கணுமே, பீஸுக்கு எங்கே போக?” இந்தப் பயத்தில்தான் பாதிப் பேர் வீட்டிலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். இதைச் சத்தமாகச் சொல்லுங்க: சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் 1987, பிரிவு 12-ன்படி மாற்றுத்திறனாளிக்கு வக்கீல் இலவசம். வருமான வரம்பு கிடையாது. கோர்ட் கட்டணமும் அதில் சேர்த்தி. சதவீதச் சான்றே கிடைக்கலையா? பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், குறைந்த வருமானம் உள்ளவர்கள் அந்தத் தகுதியிலேயே கேட்கலாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது. தொலைபேசி எண் 15100.

வரிசையாகச் செய்யுங்க:

👉 மறுப்பை எழுத்தில் கேளுங்க. தரவில்லையா? 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்க. 30 நாளில் பதில் வந்தாகணும்.

👉 சதவீதத்தைக் குறைத்து எழுதிவிட்டார்களா? 2016 சட்டத்தின் 59-வது பிரிவில் மேல்முறையீடு உண்டு. அதற்குக் கெடு உண்டு, நாளைக் கடத்தாதீங்க. சிகிச்சைச் சீட்டு, ஸ்கேன், பழைய சான்று எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு இலவச வக்கீலிடம் போங்க.

👉 அதிகாரி அசையவில்லையா? மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் புகார் கொடுங்க. ஆளை வரவழைக்க, ஆவணத்தைக் கேட்க, சிவில் கோர்ட்டுக்கு உள்ள அதிகாரம் அவருக்கு உண்டு. அங்கே போக வக்கீல் கூடத் தேவையில்லை.

இத்தனை வழியும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் மனு வாங்குகிற கவுண்டரில் ஒரு வரி எழுதி ஒட்டியிருக்கிறார்களா? உரிமையைக் கொடுத்துவிட்டு அதை ரகசியமாக வைத்திருப்பது, கொடுக்காமல் இருப்பதற்குச் சமம்!

நமது கோரிக்கைகள்:

✊ ஒவ்வொரு மறுப்பும் காரணத்தோடு, எளிய தமிழில், எழுத்தில் தரப்பட வேண்டும். அதே தாளில் மேல்முறையீட்டு அதிகாரி யார், கெடு என்ன, இலவச வக்கீல் எங்கே என்பது அச்சிடப்பட வேண்டும்.

✊ ஆட்சியர் அலுவலகத் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் இலவச வக்கீலுக்கு ஒரு மேசை போடப்பட வேண்டும்.

✊ ஒன்றிய அரசு 80 சதவீத நிபந்தனையை 40 ஆக்க வேண்டும். 300 ரூபாயை விலைவாசிக்கு ஏற்ப உயர்த்த வேண்டும்.

தோழர்களே, இதற்கு லைக் போட்டுவிட்டு நகர்ந்துவிடாதீங்க. “வராது”ன்னு சொல்லித் திருப்பி அனுப்பப்பட்ட ஒருவர் உங்க தெருவிலேயே இருப்பார். இந்த வாரம் அவர் வீட்டுக் கதவைத் தட்டுங்க. மனு எழுதிக் கொடுங்க. ஆட்டோ பிடிச்சு, கூடவே கோர்ட் வளாகம் வரைக்கும் போங்க. கவுண்டரில் ஒற்றை ஆளாக நிற்கிறவரைத்தான் “போய்ட்டு வாங்க”ன்னு சுலபமாச் சொல்ல முடியும்.

நாம பக்கத்துல நிற்போம்!

#எழுதிக்_கொடு
#இலவச_வக்கீல்_நம்_உரிமை