சுபேதார் என்னும் பட்டம்

மனிதரைப் போலவே பட்டங்களுக்கும் ஏற்றமும் இறக்கமும் உண்டு. ஒரு காலத்தில் அரசரையொத்தார்க்கு உரியதாயிருந்த பெயர் பிறிதொரு காலத்தில் எளிய ஊழியர்க்கு உரியதாதலும், அவ்வூழியரது ஆண்மையால் மீண்டும் ஒளிபெறுதலும் சரித்திரத்திற் காணப்படுவனவே. இதற்குச் சுபேதார் என்னும் படைத்துறைப் பட்டம் நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

'சுபா' என்பது மாகாணம். 'தார்' என்பது உடையவன் எனப் பொருள்படும் பாரசீக விகுதி. 1580-ஆம் ஆண்டில் அக்பர் சக்கரவர்த்தி தமது இராச்சியத்தைப் பன்னிரண்டு சுபாக்களாக வகுத்தார். அவற்றை ஆண்டோர் பிற்காலத்திற் சுபேதார் எனப்பட்டனர். தக்ஷிணத்துச் சுபேதாராயிருந்த நிஜாம்-உல்-முல்க், ஆர்க்காட்டு நவாபுகளுக்கும் மேலதிகாரியாய் விளங்கினார்.

கிழக்கிந்தியக் கம்பெனியார் நாட்டுச் சிப்பாய்களைத் திரட்டியபோது, இப்பெரும் பட்டத்தை எடுத்து, ஏறக்குறைய நூறு பேரடங்கிய அணியின் இந்திய அதிகாரிக்குச் சூட்டினர். மாகாணத்தை ஆண்ட பெயர் நூறு பேரளவிற் சுருங்கிற்று. அதனினும் கொடியது ஒன்றுண்டு. முப்பதாண்டு சேவித்து நரையெய்திய சுபேதாரும், நேற்றுக் கப்பலினின்று இறங்கிய ஆங்கிலேய இளைஞனுக்குக் கீழ்ப்பட்டவரே. 1806-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாள் வேலூர்க் கோட்டையில் மூண்ட கிளர்ச்சிக்குப் புதிய தலைப்பாகை முதலியவை உடனடிக் காரணங்களாயின. எனினும், அதிற் சுபேதார்களும் முன்னின்றமை, பெயரளவான பெருமை மானமுள்ள மனிதனுக்குப் போதாதென்பதைக் காட்டுகின்றதன்றோ?

இதன் இனமான பட்டங்களும் இவ்வாறே அலைவுற்றன. கூட்டத்தலைவன் எனப் பொருள்படும் ஜமேதார் என்னும் பெயரை இந்தியப் படை 1965-இல் நீக்கி, 'நாயப் சுபேதார்' என மாற்றிற்று. குதிரைப்படையில் ஹவில்தாருக்கு நிகரான தபேதாரோ, நம் மாவட்டங்களில் வெள்ளுடையும் செந்நிறக் கச்சையும் அணிந்து ஆட்சியருக்கு முன் வழிவிலக்கிச் செல்லும் பணியாளராயினார்.

இத்தகைய அயற்சொற்களைக் களைந்து தமிழ்ப்பெயர் வழங்கல் வேண்டுமென்பார் உளர். அவரது மொழிப்பற்றை நாம் போற்றுகின்றோம். ஆயினும் முடிபை ஏற்றுக்கொள்ளோம். தமிழ் விவிலியம் உரோமப் படைத்தலைவனை 'நூற்றுக்கு அதிபதி' என்றது மிகப் பொருத்தமே. ஏனெனில் அம்மூலச்சொல்லே அவன் பணியை உணர்த்துவது. சுபேதார் என்பதையோ சொற்பொருள் நோக்கி 'மாகாணாதிபதி' என மொழிபெயர்ப்பின் நகைப்பிற்கிடமாகும். பத்திரிகைகள் எழுதுவதுபோல் 'ராணுவ வீரர்' என்று பொதுப்பட உரைப்பின் அவரது தகுதி மறையும். 'ராணுவ அதிகாரி' என்பின், பயிற்சிக்கழகத்தினின்று நேரே வரும் அதிகாரிக்கும் அவர்க்கும் வேறுபாடு தோன்றாது. சிப்பாயாய்ச் சேர்ந்து, படிப்படியாய் உயர்ந்து, மேலோர் ஆணைக்கு அடங்கியும் கீழோர்க்கு ஆணையிட்டும் இருபாலார்க்கும் பாலமாய் நிற்பவரே சுபேதார். இத்தனையையும் சுமந்து நிற்பது அப்பெயரொன்றே.

மேலும், அப்பெயரைத் தாழ்விலிருந்து மீட்டவர் அதனை அணிந்தவர்களே. 1943-இல் டுனீசியாவின் குன்றுகளில் விக்டோரியா கிராஸ் பெற்ற லால்பகதூர் தாபா ஒரு சுபேதார். 1962 அக்டோபரில், தவாங்கிற்கு வடக்கே சீனப் படையைச் சிறு அணியுடன் எதிர்த்து நின்று, மறைவிற்குப்பின் பரமவீர சக்கரம் பெற்ற ஜோகிந்தர் சிங்கும் ஒரு சுபேதாரே. அக்பர் காலத்து மாகாணாதிபதிகளுள் எத்தனை பேரை இன்று உலகம் நினைக்கின்றது?

மாணவ நண்பர்களே! உங்களுட் சிலர் படிப்பு முடிந்ததும் அதிகாரிப் பயிற்சி பெற்றுப் படையிற் புகுவீர்கள். அங்கே தந்தை வயதினரான சுபேதார் ஒருவர் உங்களுக்கு முதலில் வணக்கம் செய்வார். நீங்களோ படைமரபின்படி அவரைச் 'சாகிப்' என்று அழைப்பீர்கள். அச்சொல்லை வெறும் வழக்கமாகக் கூறாது, அவர்தம் நீண்ட சேவையை உணர்ந்து கூறுமாறு வேண்டுகின்றோம். ஊரில் ஓய்வுபெற்று வாழும் சுபேதாரையும் அப்பட்டம் சேர்த்தே அழைத்தல் நம்மனைவர்க்கும் கடனாம்.