வால் சொல்லைப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்



வங்கிக் கடிதம், கம்பெனி ஏஜென்சி ஒப்பந்தம், காப்பீட்டுப் பத்திரம், கைப்பேசியில் வரும் குறுஞ்செய்தி என்று நம் கடைக்கு வந்து சேரும் காகிதங்களும் தகவல்களும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருக்கின்றன. நம்மில் பலர் பள்ளிப் படிப்போடு கல்லாவில் உட்கார்ந்தவர்கள். பெரிய ஆங்கிலச் சொல் வந்தால் ஆடிட்டரைக் கேட்கிறோம், அல்லது படித்த பிள்ளையைக் கேட்கிறோம். அதனால் பெரிய சொல்லால் நமக்கு நஷ்டம் வருவதில்லை. நஷ்டம் வருவதெல்லாம் நமக்குத் தெரிந்ததாக நாம் நினைக்கும் சின்னச் சொல்லால்தான்.

பே, ரைட், கால், செட், ரன் இவையெல்லாம் ஆறாம் வகுப்பிலேயே படித்தவை. ஆனால் அவற்றின் பின்னால் ஆஃப், அப், அவுட், டவுன் என்று ஒரு வால் சொல் ஒட்டிக்கொண்டால் பொருளே வேறாகிவிடுகிறது. ‘ஃப்ரேஸல் வெர்ப்’ என்று இலக்கணத்தில் இதற்குப் பெயர். நாம் முதல் சொல்லைப் படித்துவிட்டு வாலைக் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம்.

இது ஏதோ வெள்ளைக்காரன் செய்த விந்தை என்று எண்ண வேண்டாம். நம் தமிழிலும் உண்டு. ‘கொடுத்து விட்டான்’ என்றால் கணக்குத் தீர்ந்தது. ‘கொடுத்துப் பார்த்தான்’ என்றால் வாங்கியவன் இன்னும் திருப்பவில்லை போலிருக்கிறது. ‘கொடுத்து வைத்தவன்’ என்றால் அங்கே கடனும் இல்லை, காசும் இல்லை, அவன் அதிர்ஷ்டசாலி! கடைப்பையனிடம் ‘மூட்டையை எடுத்து வை’ என்பதும் ‘எடுத்துக்கொள்’ என்பதும் ஒன்றா? நாம் வினையோடு இன்னொரு வினையைச் சேர்க்கிறோம். ஆங்கிலேயர் வினையோடு மேலே, கீழே, வெளியே என்று பொருள்படும் சிறு சொல்லைச் சேர்க்கிறார்கள். 1755ஆம் ஆண்டு ஆங்கில அகராதி வெளியிட்ட சாமுவேல் ஜான்சனே, அயல்நாட்டாருக்கு மிகவும் தொல்லை தருவது இந்தச் சேர்க்கைதான் என்ற கருத்தை முன்னுரையில் சொல்லியிருக்கிறார். ஆகவே இது புரியவில்லை என்று நாம் வெட்கப்பட வேண்டியதில்லை.

நம் தொழிலுக்கு வேண்டியதை மட்டும் பார்ப்போம். ‘பே இன்’ என்றால் வங்கியில் பணம் கட்டுவது. ‘பே அவுட்’ என்றால் பட்டுவாடா செய்வது. ‘பே பேக்’ என்றால் வாங்கியதைத் திருப்பித் தருவது. ‘பே ஆஃப்’ என்றால் பாக்கியில்லாமல் அடைத்து முடிப்பது. ‘மார்க் அப்’ கொள்முதல் விலையின் மேல் நாம் வைக்கும் லாபம். ‘மார்க் டவுன்’ விலையைக் குறைத்துப் போடுவது. ‘செல் ஆஃப்’ தேங்கிய சரக்கை வந்த விலைக்குத் தள்ளிவிடுவது. ‘செல் அவுட்’ சரக்கு முழுதும் விற்றுத் தீர்வது. ‘செல் அப்’ கடையையே விற்றுவிட்டுப் போவது. கிரிக்கெட்டில் ‘ரன் அவுட்’ என்றால் ஆட்டக்காரர் வெளியே போகிறார்; கடையில் சர்க்கரை ‘ரன் அவுட்’ என்றால் இருப்புத் தீர்ந்தது என்று பொருள்.

இவற்றில் தவறினால் பெரிய கேடு இல்லை. பணத்தையே பதம் பார்க்கும் சேர்க்கைகள் மூன்று இருக்கின்றன.

முதலாவது ‘ரைட் ஆஃப்’. வங்கிகள் இத்தனை கோடி ரைட் ஆஃப் செய்தன என்றால், நம் செய்தித்தாள்களும் ‘தள்ளுபடி’ என்றே எழுதிவிடுகின்றன. கடனை விட்டுக்கொடுப்பதற்கு ஆங்கிலத்தில் ‘வெய்வர்’ என்று தனிச்சொல் இருக்கிறது. ரைட் ஆஃப் என்பது வராக்கடனை வங்கி தன் கணக்கிலிருந்து எடுத்துவிடுவது. அதனால் மட்டும் வாங்கியவர் பொறுப்பு நீங்கிவிடாது. கடனாளியின் மீதுள்ள உரிமையை விட்டுக்கொடுக்காமல் கணக்கில் மட்டும் நீக்குவதே ‘டெக்னிகல் ரைட் ஆஃப்’ என்று 2023 ஜூனில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட நெறிமுறையும் சொல்கிறது. நாமும் இதைத்தானே செய்கிறோம்? ஊரைவிட்டுப் போனவர் பாக்கியை வராக்கடனில் எழுதுகிறோம். அவரே எதிரில் வந்தால் கேட்காமல் விடுவோமா? ரைட் ஆஃப் ஆகிவிட்டது என்று நிம்மதியாக இருப்பவருக்கு மறுநாள் வக்கீல் நோட்டீஸ் வரலாம்.

இரண்டாவது ‘செட் ஆஃப்’. பயணம் புறப்படுவதற்கும் இதே சொல், பட்டாசு வெடிப்பதற்கும் இதே சொல். கடன் பத்திரத்தில் வந்தாலோ, உங்கள் பெயரில் உள்ள வைப்புத் தொகையை எடுத்து உங்கள் கடன் பாக்கிக்கு நேர் செய்துகொள்வது என்று பொருள். மகள் கல்யாணத்துக்கு என்று போட்ட டெபாசிட் கடைக்கடனுக்குப் போன பிறகு, ‘எனக்குச் சொல்லவில்லையே’ என்றால் பயனில்லை. நாம் கையெழுத்திட்ட தாளில் அது இருக்கிறது.

மூன்றாவது ‘கால் ஆஃப்’. கூட்டத்தையோ வேலைநிறுத்தத்தையோ ‘கால் ஆஃப்’ செய்தார்கள் என்றால் கைவிட்டார்கள் என்று பொருள். ஆனால் கம்பெனிகளின் கொள்முதல் வழக்கில், மொத்தமாகப் பேசி வைத்த சரக்கிலிருந்து அவ்வப்போது வேண்டியதைக் கேட்டு எடுத்துக்கொள்வதற்கும் ‘கால் ஆஃப்’ என்றே பெயர். ஏறக்குறைய நேர் எதிரான பொருள். எனக்குத் தெரிந்த பருப்பு மண்டிக்காரர் ஒருவருக்கு வாரம் ஐம்பது மூட்டை கால் ஆஃப் செய்வோம் என்று ஒரு கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. அவர் ஆர்டர் ரத்து என்று எண்ணி, சரக்கை வேறு பக்கம் விற்றுவிட்டார். திங்கட்கிழமை லாரி வந்து வாசலில் நின்றது. பேசிய விலைக்குச் சரக்குக் கொடுக்க, அன்றைய ஏறிய விலைக்கு வாங்கிப் போட்டார்.

இன்னொரு சங்கடம், இந்த வால் எப்போதும் வினையை ஒட்டியே நிற்பதில்லை. ‘பே ஆஃப் தி லோன்’ என்றும் எழுதலாம், ‘பே தி லோன் ஆஃப்’ என்றும் எழுதலாம். ‘அதை’ என்று குறிக்க வேண்டுமானால் ‘பே இட் ஆஃப்’ என்று நடுவில்தான் வரவேண்டும். ‘சரக்கு அனுப்பப்படும்’, ‘சரக்கு அனுப்பப்பட மாட்டாது’ என்று நம் மொழியிலும் முடிவு கடைசியில்தானே தெரிகிறது? கடைசிச் சொல்வரை படிப்பதே பாதுகாப்பு.

கைப்பேசியே மொழிபெயர்த்துத் தருகிறதே என்று இளைஞர்கள் சொல்வார்கள். தரட்டும், நல்லதுதான். ஆனால் ஒரே சேர்க்கைக்கு இரண்டு பொருள் இருக்கும்போது அது எதைத் தரும் என்று உறுதி இல்லை. நஷ்டம் வந்தால் கைப்பேசி கட்டாது, நாம்தான் கட்ட வேண்டும்.

என் யோசனை இதுதான். சந்தேகம் வந்தால், ‘இதையே வேறு சொல்லில் எழுதித் தாருங்கள்’ என்று கேளுங்கள். ரத்தா, சப்ளையா என்று அவர்களே எழுதட்டும். வாயால் சொல்வது போதாது. வங்கியல்லாத நிதி நிறுவனங்கள் கடன் வாங்குபவருக்கு அனுப்பும் தகவல்கள் வட்டார மொழியிலோ அவருக்குப் புரியும் மொழியிலோ இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் நியாய நடைமுறை விதி. ஆகவே தமிழில் கேட்பது சலுகை அல்ல. கம்பெனிகளிடமும் ஒப்பந்தத்துக்குத் தமிழ்ப் பிரதி வேண்டும் என்று சங்கத்தின் மூலம் ஒருமித்துக் கேட்க வேண்டும். தனியாகக் கேட்டால் ஏஜென்சியை அடுத்த தெருக்காரருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

நம் சங்கம் வணிகத்தில் அடிக்கடி வரும் நாற்பது ஐம்பது சேர்க்கைகளைத் தமிழ்ப் பொருளோடு ஒரு சிறு அட்டையில் அச்சிட்டு உறுப்பினர்களுக்குத் தரலாம். காலண்டர் அடிக்கும் செலவில் பாதிகூட ஆகாது. கல்லாவுக்குப் பக்கத்தில் தொங்கட்டும்.

தராசில் முள் நிற்கும்வரை பார்த்து நிறுத்துக் கொடுப்பவர்கள் நாம். கையெழுத்துப் போடும் காகிதத்திலும் அந்தக் கவனம் இருக்கட்டும்.